மழைக்காலத்தில் போட்ட காம்பு

போன வாரம் பட்டறையிலிருந்து கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து பேருக்காக என் வேலை அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதானே கேட்டார்கள், இனி உங்கள் பாடு.

சாணை பிடிப்பது, பெயின்ட் உரிப்பது, தோல் உறை தைப்பது இதற்கெல்லாம் நான் போகப் போவதில்லை. அதைக் காட்டித்தர அங்கே கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். பதினொரு வருஷத்தில் நான் செய்த தப்புகளுக்கும் குறைவில்லை. ஒருத்தர் கோடாலியில் அவர் பெயரைப் பொறிப்பதற்குப் பதிலாக, ஆர்டர் கொடுத்த அவர் மனைவியின் பெயரைப் பொறித்து அனுப்பினேன். இன்னொரு தடவை, சாணைக்கல்லில் வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்ததில் முனை சூடேறி நீலம் பாய்ந்துபோய், அந்த இரும்பையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இதையெல்லாம் டீ குடிக்கும்போது நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொன்னதில்லை. என் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வரியால் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு வேலை போனது. அந்த வரியில் பொய் கிடையாது. பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தீர்த்திருப்பேன்.

நான் சேர்ந்தபோது பட்டறை பெங்களூர் பீன்யாவில் ஒரே ஒரு ஷெட். முதலாளி கிரீஷ், நான், இன்னும் ஐந்து பேர். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற மலிவான கோடாலிகளை மொத்தமாக வாங்குவோம். சிவப்பு பெயின்ட் அடித்து, விறகுக்கட்டையைப் போல முனை தடித்து, காம்பில் வார்னிஷ் வழிந்துகொண்டு இருக்குமே, அதே கோடாலிதான். சிவாஜிநகர் பழைய இரும்புக் கடைகளிலிருந்து துருப்பிடித்த தலைகளும் மூட்டையில் வரும். அதை உரித்து, மெல்லிசாகத் தேய்த்து, நீளக் காம்பைக் கழற்றிவிட்டுக் கைக்கு அடக்கமாகக் குட்டைக் காம்பு போட்டு, எண்ணெய் பூசி, உறை தைத்து விற்போம். சனி ஞாயிறு காட்டுக்குப் போய்க் கூடாரம் அடித்து, சுள்ளி பொறுக்கிச் சமைக்கிற ஐடி ஆட்கள்தான் வாங்குவார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கேஸ் அடுப்பு வைத்திருக்கிறவர்கள் எதற்கு விறகு வெட்டப் போகிறார்கள் என்று கிரீஷிடமே கேட்டிருக்கிறேன்.

நான் கடைசி மேசை. முடிந்த கோடாலி ஒவ்வொன்றும் என்னிடம் வரும். ஆட்டிப் பார்ப்பேன், தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்ப்பேன், காம்பு நுழைகிற துளையின் மேல் பக்கம் விரலால் தடவி இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரி என்றால் தலையின் அடியில் பஞ்ச் உளியை வைத்துத் தட்டி ஒரு புள்ளி குத்துவேன். அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு உருப்படி வெளியே போகாது. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே வந்தாலும், அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் நான்தான் ராணி.

காம்பு போடுவது சையத் பாய். என்னைவிட ஒரு வயது கூட இருக்கலாம். சிவாஜிநகரில் நாற்காலி, கட்டில் செய்கிற கடையில் முப்பது வருஷம் இருந்தவர். கடையை மூடியதும் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். பெரிய பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் இனி வேறு எங்கே எடுப்பார்கள் என்று அவரே ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். நல்ல வேலைக்காரர், ஆனால் மெதுவு. ஒரு காம்பு மனசுக்குச் சரிவரவில்லை என்றால் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். மெதுவாகச் செய்கிறார் என்று கிரீஷ் ஏற்கெனவே இரண்டு தடவை அவரிடம் முகத்தைக் காட்டியிருந்தார்.

ஒரு ஆகஸ்ட் மாதம். பத்து நாளாக மழை விடவில்லை. கனகபுரா பக்கம் ஒரு ஏரிக்கரையில் கம்பெனி ஆட்களைக் கூட்டிப்போய் முகாம் நடத்துகிற விவேக் என்ற பையன், முப்பது கோடாலிக்கு ஆர்டர் கொடுத்திருந்தான். எங்களுக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய ஆர்டர் அதுதான். வழக்கமாக மரம் தருகிற கடையில் சரக்கு இல்லை என்று கிரீஷ் வேறு கடையிலிருந்து கருவேலங்கட்டைகளை இறக்கினார். சையத் பாய் ஒன்றை இழைத்துப் பார்த்தார். சுருளைக் கையில் எடுத்துக் கசக்கினார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"கச்சா மரம் அக்கா இது. உள்ள ஈரம் இருக்கு. இப்ப போட்டா கல்லு மாதிரி உக்காரும். வெயில் காலத்துல சுருங்கி ஆடும். ரெண்டு மாசம் காயப் போட்டுக் குடுக்கலாம், சார்கிட்ட நீங்க சொல்லுங்க. நான் சொன்னா மெதுவா செய்யறதுக்கு சாக்குன்னு நெனப்பாரு."

கிரீஷ் என் பேச்சைக் கேட்பார். அது சையத் பாய்க்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வியாழக்கிழமை அனுப்புவதாக விவேக்குக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதோடு, எதையும் ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் என்னிடம் வந்து, இன்னும் ஆடாத ஒன்றைப் பற்றிச் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதலில் போடுங்க பாய், இறுகலன்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன் என்றேன். அவர் தன் மேசைக்குத் திரும்பினார்.

போட்டார். முப்பத்தொன்று. ஒன்று, கிரீஷ் தன் மேசைக்குப் பின்னால் சுவரில் மாட்டி வைக்க. எல்லாவற்றையும் ஆட்டினேன், தட்டினேன், தடவினேன். மயிரிழை இடைவெளிகூட இல்லை. அந்த ஈரத்தில் எப்படி இருக்கும்? மழைக்காலத்தில் வீட்டுக் கதவே பிடித்துக்கொண்டு திறக்காது. அது புத்திக்கு எட்டவில்லை. முப்பத்தொரு புள்ளி குத்தினேன். பார்த்தீர்களா பாய் என்று ஒரு வார்த்தை வேறு சொன்னேன். சிரித்தார்.

இப்போது உங்கள் அலமாரியில் மரத்தின் ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அது இல்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. மீட்டருக்குப் பதிலாக சையத் பாய் இருந்தார்.

ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரி கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கிரீஷ் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஹூப்ளி போயிருந்தார். அவர் மேசையில் பில் ஒன்றைத் தேடப் போனவள், சுவரில் மாட்டியிருந்த கோடாலியில் தூசி படிந்திருக்கிறதே என்று துடைக்க எடுத்தேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். நகத்தால் மேசையைத் தட்டினால் வருமே, அவ்வளவுதான். தலையைத் திருப்பிப் பார்த்தேன். துளைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தகடு நுழைகிற இடைவெளி இருந்தது.

சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததே இப்படி என்றால் வெயிலில் கிடக்கிற முப்பதும் எப்படி இருக்கும்? உடனே விவேக்குக்குப் போன் போட்டேன்.

அவன் பதறவே இல்லை. போன மாதமே நாலைந்து ஆடிச்சு மேடம், அதெல்லாம் நாங்களே சரி பண்ணிட்டோம் என்றான். எப்படி என்று கேட்டேன். தண்ணீர் டிரம்மில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் மரம் உப்பிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்றான். நேற்று ராத்திரியும் முப்பதையும் ஊறப்போட்டு, காலையில் எடுத்து வெயிலில் பரப்பியிருக்கிறார்களாம். நாளைக்கு ஒரு கம்பெனியிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள், விறகு பிளக்கிற போட்டி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னான்.

இந்த ஊறவைக்கிற வித்தையை உங்களுக்கும் யாராவது சொல்லித்தருவார்கள். ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஊறிய மரம் உப்புகிறது, வாஸ்தவம்தான். ஆனால் சுற்றிலும் இரும்பு இருப்பதால் உப்ப இடமில்லாமல் மரம் தன்னைத்தானே நசுக்கிக்கொள்கிறது. மறுபடி காய்ந்தால் முன்பைவிட இன்னும் சுருங்கும். ஒருநாள் இறுக்கத்துக்காக மரத்தின் உயிரை எடுத்துவிடுகிறோம். இதை விவேக்கிடம் சொன்னேன். அவன், திங்கக்கிழமை கிரீஷ் சாரைப் பேசச் சொல்லுங்க மேடம், இப்ப நான் ஏற்பாட்டுல இருக்கேன் என்று வைத்துவிட்டான்.

கிரீஷுக்குப் போட்டேன். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவில் பாதி கேட்டார். திங்கக்கிழமை நோடோணம்மா, பாத்துக்கலாம், கஸ்டமர பயமுறுத்தாதீங்க என்றார். அவரும் வைத்துவிட்டார்.

நான் காம்பு மேசைக்குப் போய்க் கோடாலியைச் சையத் பாய் முன்னால் வைத்தேன். அவர் எடுத்து ஆட்டினார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். பார்க்கவில்லை. விவேக் சொன்னதைச் சொன்னேன். டிரம்மில் ஊறப்போட்டதைச் சொன்னதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"காலைல முதல்லயே போயிடலாம் அக்கா. நாற்பது பேர்னு சொல்றீங்க. எல்லாம் கோடாலி புடிச்சுப் பழக்கமில்லாத ஜனங்க."

நான் வாருங்கள் என்று கூப்பிடவே இல்லை. அவராகச் சொன்னார். சனிக்கிழமை அவர் பெண்ணுக்குக் கல்லூரியில் ஏதோ நிகழ்ச்சி இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

காலையில் பட்டறையின் லோடு வண்டியை டிரைவரிடம் கெஞ்சி எடுக்க வைத்துக் கிளம்பினோம். முதலாளி சொல்லாமல் வண்டியை எடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கனகபுரா ரோட்டில் மெட்ரோ வேலையோ என்னவோ, வண்டி நகரவே இல்லை. சையத் பாய் மடியில் கருவிப் பையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் விவேக்குக்கு மாற்றி மாற்றிப் போன் போட்டேன். எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை தாண்டிவிட்டது.

ஏரிக்கரையில் வட்டமாக நின்றிருந்தார்கள். ஒரே நிறத்தில் பனியன். நடுவில் பத்துப் பன்னிரண்டு அடிக்கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஆள் கோடாலியோடு நிற்க, மற்றவர்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு மொபைலில் படம் எடுத்தார்கள். விவேக் கையில் விசில் வைத்திருந்தான். மிச்சக் கோடாலிகள் ஒரு தார்ப்பாய் மேல் வெயிலில் கிடந்தன. வெயில் சுளீரென்று அடித்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும், பிள்ளைகளே. கத்தலாம் என்று வாய் வரை வந்தது. கத்தினால் ஓங்கியவன் திடுக்கிட்டுத் திரும்புவான், கோடாலியும் அவனோடு திரும்பும். ஓடினாலும் அப்படித்தான். நான் புடவையைச் செருகிக்கொண்டு சாதாரணமாக நடந்து, வட்டத்துக்குள் புகுந்து, முதல் கட்டைக்கு எதிரில் நின்றிருந்த பெண்ணிடம், கொஞ்சம் தள்ளிக்கோம்மா, கால் வலிக்குது என்று சொல்லிவிட்டு, அவள் வெட்ட வேண்டிய கட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்ததால் கைகள் தாழ்ந்தன. அப்புறம் நான், எல்லாரும் கையில் இருக்கறதை அப்படியே தரையில வையுங்க, கோடாலி செஞ்ச இடத்திலேர்ந்து வந்திருக்கேன், அதுல ஒரு கோளாறு என்றேன். வைத்தார்கள். விவேக் முகம் சிவந்துபோய் வந்தான். கிளையன்ட் முன்னாடி என்ன மேடம் இது என்று பல்லைக் கடித்தான். அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சையத் பாய் ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிக் கொண்டுவந்து ஒரு சாக்கின் மேல் அடுக்கினார். ஊறவைத்தும் ஒன்பது ஆடின. எண்ணினோம். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினோம். இருபத்தொன்பதுதான். விவேக் திருதிருவென்று விழித்தான். சமையல் கூடாரத்துக்குப் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. சையத் பாய் ஓடினார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை.

சமையல்காரர் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், கைக்கெட்டுகிற தூரத்தில், ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது சையத் பாய் பின்னாலிருந்து அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கோடாலித் தலை காம்பின் மேல் ஒரு விரல் அகலம் நழுவி வந்திருந்தது. இன்னும் இரண்டு அடிக்குத் தாங்கியிருக்கும், மூன்றாவதுக்குத் தாங்காது. உரிக்கிற பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று தெரியாமல் மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

இதுவரைக்கும் நான் செய்தது சரி. இதோடு கதை முடிந்திருந்தால் இதையும் டீ குடிக்கும்போது பெருமையடித்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் அந்தக் கோடாலியோடு ஏரிக்கரைக்குத் திரும்புவதற்குள் விவேக் கிரீஷைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். நாற்பது பேரும் வட்டம் கலையாமல் நிற்கிறார்கள். அந்தக் கம்பெனியின் மேலதிகாரி ஒருவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், தலை நழுவிய கோடாலியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒருத்தர் தலையே போயிருக்குமே என்று இங்கிலீஷில் சொன்னார். விவேக் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். போனில் கிரீஷின் குரல்.

"யாரும்மா இது பண்ணது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சையத் பாய் என் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஆடுகிற ஒன்றிலிருந்து, காம்பை இறுக்க அடித்த ஆப்பை உளியால் எடுத்துக்கொண்டிருந்தார்.

"காம்பு போட்டது சையத் பாய்."

இவ்வளவுதான் நான் சொன்னது. பொய்யா? இல்லை. காம்பு போட்டது அவர்தான். ஆனால் கிரீஷ் கேட்டது அது இல்லை, நான் சொல்ல வேண்டியதும் அது இல்லை. மரம் ஈரம் என்று பாய் சொன்னார், நான் கேட்கவில்லை, முப்பதையும் பாஸ் பண்ணியது நான். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அத்தனை பேர் முன்னால், அந்தக் கறுப்புக் கண்ணாடி முன்னால், அந்தத் தலை நழுவிய கோடாலியை வைத்துக்கொண்டு, அது நான்தான் என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை. அறுபது முடிய இரண்டு வருஷம் பாக்கி. அதுவரை ஒன்பது வருஷத்தில் என் புள்ளி குத்திய கோடாலி ஆடியதாக ஒரு புகார் வந்ததில்லை. அதெல்லாம் அந்த ஒரு நொடியில் மனசுக்குள் ஓடியது. அந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக யோசிக்கிறோம் பாருங்கள், நம்மைக் காப்பாற்றிக்கொள்ள!

சையத் பாயின் உளி நின்றது. பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தார். தலை நிமிரவில்லை.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். முப்பதையும் கழற்றி, தலைகளை ஒரு சாக்கிலும் காம்புகளை இன்னொரு சாக்கிலும் கட்டினார். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இளநீர் வாங்கி எனக்கு முதலில் கொடுத்தார். காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல அக்கா நீங்க என்றார். நான் குடித்தேன். பேச வேண்டியதைப் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்தில் கல்யாணம், வெயில், மெட்ரோ எல்லாம் பேசினோம்.

திங்கட்கிழமை காலை கிரீஷ் அவரை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தேதான் இருந்தது. என் மேசையிலிருந்து எல்லாம் கேட்டது. விவேக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும், செஞ்ச ஆள் இங்க இல்லைன்னு சொன்னாத்தான் அந்த ஆர்டர் நிக்கும், தப்பா எடுத்துக்காதீங்க பாய் என்றார். சையத் பாய் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆகஸ்டில் என்னிடம் வந்து சொன்னதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். சரி சார் என்றார். உளிகளையும் இழைப்புளியையும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு, வரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கையில் ஒரு கோடாலியை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் போய் வெகுநேரம் ஆகியும் ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்து மேசைப் பெண் பிறகு சொன்னாள்.

இரண்டு நாள் தூக்கமில்லை. புதன்கிழமை கிரீஷிடம் போனேன். ஆகஸ்டில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என்னை அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன். கிரீஷ் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாதாம்மா? முப்பதுலயும் உங்க புள்ளி இருக்கு. மரம் வாங்குனது நானு. யாரு தப்புன்னு பாத்தா மூணு பேரு. ஆனா நான் கேட்டப்போ நீங்க ஒரு பேருதான் சொன்னீங்க. விவேக்கும் அந்தப் பேரைத்தான் காதால கேட்டான். இப்ப நான் போய் வேற பேரு சொன்னா யாரு நம்புவாங்க?"

சையத் பாயை மறுபடி எடுத்துக்கொள்ளவும் கிரீஷ் சம்மதிக்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான், ஆனால் என் பங்கை அது குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகள் இருக்கிற சந்தில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். கறி வெட்டுகிற கத்திகளுக்குப் பிடி போடுகிற ஒரு பெட்டிக் கடை. உட்கார இடமில்லை, நின்றுகொண்டேதான் வேலை. கிடைத்த நாளைக்குத்தான் கூலி. பெண்ணின் படிப்பை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கப்போகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார், பாய் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எதிர்க் கடையிலிருந்து டீ வரவழைத்தார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அந்த மரத்தைப் பற்றி நீங்கள் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை, அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் உங்கள் பெயரை மட்டும் சொன்னேன், என் பெயரைச் சொல்லவில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவள் அழுதுவிட்டேன். சந்தில் போகிறவர்கள் பார்த்தார்கள்.

சையத் பாய் சங்கடப்பட்டார். டீ ஆறிடும், குடிங்க என்றார். என்னை ஆறுதல்படுத்த அவர் எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. அப்புறம் முகம் தெளிந்தது.

"விடுங்க அக்கா. அந்த வெங்காயம் உரிச்ச பொண்ணை நெனச்சுப் பாருங்க. நல்ல நேரத்துக்குப் போனோம். யாருக்கும் அடி படல இல்ல?"

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துச் சொன்னார். நான் அவருக்கு எதிரில் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம் பாய், யாருக்கும் படல என்றேன்.